பழைய பிக்கப்பின் கண்ணாடி டிரிம்: பழையதைத் தேடலாமா, புதிது வாங்கலாமா, இல்லாமலே விடலாமா?

பழைய பிக்கப்பைச் சீர்செய்ய இறங்கியவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். டிங்கரிங் முடிந்தது, பெயின்ட் காய்ந்தது, கண்ணாடி ஏற்றுவதுதான் பாக்கி. அப்போதுதான் முன் கண்ணாடியைச் சுற்றி ஓடும் அந்த மெல்லிய பளபளப்புப் பட்டை நினைவுக்கு வருகிறது. கழற்றி வைத்த பழைய டிரிம் வளைந்து கிடக்கும். இல்லை, நான்கில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். இல்லை, அந்த வண்டிக்கு டிரிம் வந்ததே இல்லை, நமக்குத்தான் ஆசை.

உடனே எழும் கேள்வி, ஒரிஜினலைத் தேடுவதா, அதே வடிவில் புதிதாகச் செய்து விற்கும் மறுதயாரிப்பை வாங்குவதா என்பது. நான் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன்: கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் பீடிங் ரப்பரில் எதைப் போடப் போகிறீர்கள்? இந்த வண்டிகளில் டிரிம்மைப் பிடித்து வைத்திருப்பது பாடி அல்ல, ரப்பர். டிரிம்மைத் தனியாகவும் ரப்பரைத் தனியாகவும் வாங்கியவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். ஜோடியாக யோசித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

## முதலில் ரப்பரின் வெட்டுமுகத்தைப் பாருங்கள்

பீடிங் ரப்பரில் ஒரு துண்டை குறுக்கே நறுக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு பக்கப் பள்ளத்தில் கண்ணாடி உட்காரும். எதிர்ப்பக்கப் பள்ளம் கேபினின் தகர விளிம்பைக் கவ்வும். டிரிம் போடுவதற்கான ரப்பரில் இவை இரண்டும் போக, வெளிமுகத்தில் மூன்றாவதாக ஒரு சிறு பள்ளம் இருக்கும். டிரிம்மின் பின்பக்கம் மடிந்திருக்கும் ஓரங்கள் அந்தப் பள்ளத்துக்குள் போய்க் கொக்கி போட்டுக்கொள்ளும். ஒட்டுப் பசை இல்லை, திருகு இல்லை. ரப்பரின் உதடு கவ்வுவதுதான் பிடிமானம்.

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10 இதற்கு நல்ல உதாரணம். சாதாரண ரகத்தில் வெறும் கறுப்பு ரப்பர், சிஎஸ்டி போன்ற உயர் ரகத்தில் பளபளப்பு டிரிம். இரண்டுக்கும் கேபின் ஒன்றுதான், கண்ணாடியும் ஒன்றுதான், ரப்பர் மட்டும் வேறு. ஆகவே சாதாரண ரக வண்டியிலும் டிரிம் போடலாம். ஆனால் இருக்கிற ரப்பரில் போட முடியாது. பள்ளம் இல்லாத ரப்பரின் மேல் டிரிம்மைப் பசை போட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் கோடையிலேயே மூலை தூக்கிக்கொள்ளும்.

## வருடத்தை மட்டும் நம்பாதீர்கள்

தேடும்போது பலரும் வருடத்தைச் சொல்லித் தேடுகிறார்கள். சில வருடங்களில் அது போதாது. 1955-ஆம் வருட ஷெவர்லே பிக்கப் என்றால் இரண்டு வண்டிகள் உண்டு. அந்த வருடத் தொடக்கத்தில் வந்தது 1947-லிருந்து ஓடிவந்த பழைய கேபின். அதே வருடம் இரண்டாம் வரிசையாக வந்தது பக்கவாட்டில் வளைந்து திரும்பும் முன் கண்ணாடி கொண்ட புதிய கேபின். ஒன்றின் டிரிம் மற்றதற்கு ஒத்தே வராது. அந்தப் பழைய கேபினுக்குள்ளேயும் 1953 வரை நடுவில் பட்டை வைத்த இரண்டு துண்டுக் கண்ணாடி; 1954-இல்தான் ஒரே கண்ணாடியாக மாறியது.

ஃபோர்டு எஃப்-100 தொடங்கியது 1953-இல். 1955 வரை ஒரே வடிவ முன் கண்ணாடி. 1956-இல் மட்டும் சுற்றி வளைந்த முன் கண்ணாடி. பெரிய பின் கண்ணாடியை விருப்பத் தேர்வாகவும் கொடுத்தார்கள். தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு 1955-உம் 1956-உம் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். டிரிம் வாங்கிவிட்டு வண்டியில் வைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. 1967–72 சி10-க்கு முன் கண்ணாடி டிரிம் தேடுகிறவர் ஜிஎம்சி பிக்கப், சபர்பன், 1969–72 பிளேசர் ஆகியவற்றிலும் தேடலாம். முன் கண்ணாடி ஒன்றுதான். பின் கண்ணாடியில் அந்தச் சலுகை கிடையாது. பிக்கப்பிலேயே சிறியது, பெரியது என்று இரண்டு அளவு இருப்பதால் கண்ணாடியை அளந்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எனக்கு முக்கியமாகப் படுவது ஐந்து. ரப்பரோடு சரியாகச் சேருமா என்பது முதலாவது. மூலை வளைவு சரியாக இருக்குமா என்பது இரண்டாவது. நேர்ப் பகுதியை எப்படியாவது சமாளித்துவிடலாம், மூலையை முடியாது. மூன்றாவது, உங்கள் கையால் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கும். நான்காவது, எத்தனை காலம் நிற்கும். கடைசியாக, அது எதற்கான வண்டி. தினமும் சாமான் ஏற்றும் வண்டிக்கும், தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே நிற்க வேண்டும் என்று சீர்செய்யும் வண்டிக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

## வழி ஒன்று: ஒரிஜினலைத் தேடி எடுத்துச் சரிசெய்வது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரிஜினல் டிரிம்மின் பெரிய பலம் மூலை. அந்த வண்டியின் கண்ணாடிக்கென்றே அச்சில் அழுத்தி எடுத்தது என்பதால், நசுங்காத ஒரிஜினல் மூலை தன் இடத்தில் தானாகப் போய் உட்காரும். உலோகமும் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மேல் பூச்சு எதுவும் இல்லை, உள்ளே வரை ஒரே உலோகம். ஐம்பது அறுபது வருட மங்கலைத் தேய்த்து எடுத்தால் கீழே அதே பளபளப்பு காத்திருக்கும்.

வாங்கும் முன் என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று. வண்டி டிரிம்மில் அதிகம் பயன்படும் 430 வகை ஸ்டெயின்லெஸில் காந்தம் நன்றாகவே ஒட்டும். காந்தம் ஒட்டாமல், கையில் எடுத்தால் காகிதம் போல லேசாகவும் இருந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். அலுமினியத்தின் மேல் அனோடைஸ் என்ற கடினமான பூச்சு இருக்கும். அதை எடுக்காமல் பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாகத்தான் வரும். காஸ்டிக் சோடா கரைசலில் அந்தப் பூச்சு கரையும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை. பூச்சு போன அலுமினியம் சீக்கிரம் மங்கும் என்பதால் மறுபடி அனோடைஸ் செய்ய வேண்டும், அல்லது அடிக்கடி பாலிஷ் போட வேண்டும். ஸ்டெயின்லெஸுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வேறொரு வண்டியிலிருந்து நீங்களே கழற்றுவதாக இருந்தால், தயவுசெய்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். நெம்பிய இடத்தில் பட்டை சட்டென்று மடியும். மடிந்த ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இறுகிப்போகும். எவ்வளவு தட்டினாலும் கோடு தெரியும். பழைய ரப்பர் எப்படியும் குப்பைக்குப் போகப் போகிறது. கூர்மையான கத்தியால் டிரிம்மின் ஓரமாக ரப்பரின் உதட்டை நீளவாக்கில் அறுத்துவிட்டால், பட்டை கையோடு வந்துவிடும்.

படம் பார்த்து வாங்குவதாக இருந்தால் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். முன்பக்கம் எல்லாரும் துடைத்து மினுக்கித்தான் காட்டுவார்கள். முனைகளில் விரிசல், நடுவில் மடிந்த தடம், யாரோ ஏற்கெனவே தட்டிய குறி எல்லாம் பின்னால்தான் தெரியும். நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது போல எடுத்த படம் ஒன்றும் வேண்டும். முறுக்கல் இருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும்.

சரிசெய்யும் வேலை பொறுமைக்கானது. நசுங்கலைப் பின்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்: கடினமான மரக்கட்டையில் பட்டையைக் கவிழ்த்து வைத்து, முனை உருண்ட உளியும் சின்னச் சுத்தியும் கொண்டு, நசுங்கலின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னத் தட்டாகப் போக வேண்டும். ஒரே அடியில் தூக்கப் பார்த்தால் பரு மாதிரி வெளியே துருத்தும். மட்டத்துக்கு வந்ததும் மெல்லிய அரத்தை ஒருமுறை ஓட்டுங்கள். அரம் தொடாத இடம் பள்ளம், அதிகம் தொட்ட இடம் மேடு. பிறகு வாட்டர் பேப்பர்: 320, 400, 600, 800, 1000, 1500 என்று வரிசையாக. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கோடுகள் முழுக்க மறையும் வரை அடுத்ததுக்குப் போகக் கூடாது. கடைசியில் பஃபிங் சக்கரமும் ஸ்டெயின்லெஸுக்கான பாலிஷ் கட்டியும்.

முடிந்ததா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, டியூப்லைட்டுக்குக் கீழே பட்டையைப் பிடித்து மெதுவாகத் திருப்புவது. வெளிச்சம் பட்டையின் மேல் ஒரே கோடாக ஓட வேண்டும். எங்காவது அந்தக் கோடு நெளிந்தால் அங்கே இன்னும் நசுங்கல் இருக்கிறது. விரலுக்கு அகப்படாததுகூட இதில் அகப்படும்.

பஃபிங் சக்கரத்தில் எச்சரிக்கை தேவை. பட்டையின் ஓரம் சக்கரத்துக்கு எதிர்முகமாக மாட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் பிடுங்கி எறிந்துவிடும். பட்டையும் போகும், கையும் கிழியும். பட்டையை ஒரு மரச்சட்டத்தில் கட்டிக்கொண்டு, சக்கரம் ஓரத்தை விட்டு வெளியேறும் திசையில் மட்டும் பிடியுங்கள். முகக் கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

மறைமுகச் செலவு: நேரம்தான். ஒரு முழுச் செட்டுக்குப் பல நாள் மாலைகள் போய்விடும். வெளியே கொடுத்துச் செய்தால் நசுங்கலின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி ஏறும். செட்டில் ஒரு துண்டு மட்டும் கிடைக்காமல் மாதக்கணக்கில் வண்டி நிற்பதும் உண்டு.

யாருக்கு: வண்டியை முதலில் வந்தபடியே கொண்டுவர நினைப்பவருக்கு, கையில் ஏற்கெனவே முக்கால்வாசித் துண்டுகள் இருப்பவருக்கு.

## வழி இரண்டு: மறுதயாரிப்பு ஸ்டெயின்லெஸ்

பெட்டியைத் திறந்தால் பளபளவென்று, துண்டுகள் சேரும் இடத்தை மூடும் கிளிப்போடு முழுச் செட். கவர்ச்சி புரிகிறது. சி10, எஃப்-100 போலப் பரவலாக இருந்த வண்டிகளுக்கு இது எளிதாகவே கிடைக்கிறது. அரிதான வண்டிகளுக்கு அவ்வளவாக இல்லை.

சோதிக்க வேண்டியது மூலையையும் இணைப்பையும்தான். மறுதயாரிப்பில் வளைவு இம்மி பிசகினாலும் பட்டை ரப்பரை விட்டு மூலையில் லேசாகத் தூக்கி நிற்கும். இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி கிளிப்பின் அகலத்தைத் தாண்டும். என் வண்டிக்கு வந்த முதல் செட்டில் கீழ் மூலை இரண்டும் அப்படித்தான் நின்றன. ரப்பரை மேஜையில் விரித்துப் போட்டுப் பொருத்திப் பார்த்ததால் கண்ணாடி ஏற்றும் முன்பே தெரிந்தது, திருப்பி அனுப்ப முடிந்தது. கண்ணாடி ஏற்றிய பிறகு தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்திருக்க வேண்டும்.

ஆகவே வாங்கும்போதே, எந்த ரப்பரோடு பொருத்திப் பார்த்துத் தயாரித்தார்கள் என்று கேளுங்கள். அதே ரப்பரை அவர்களிடமே வாங்குங்கள். மலிவான ரப்பரில் டிரிம் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும். பட்டை உள்ளே போகும், ஆனால் கொக்கி விழாது.

மறைமுகச் செலவு: போக்குவரத்து. நீளமான மெல்லிய துண்டு என்பதால் அட்டைப்பெட்டியில் மட்டும் வைத்தால் வழியிலேயே வளைந்துவிடும். மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஒரிஜினல், மறுபக்கம் மறுதயாரிப்பு என்று கலக்கவும் வேண்டாம். வெயிலில் நிறபேதம் தெரியும்.

யாருக்கு: துண்டு எதுவுமே கையில் இல்லாதவருக்கு, வண்டியை ஓட்டி அனுபவிக்க நினைப்பவருக்கு.

## வழி மூன்று: குரோம் பூச்சுப் பிளாஸ்டிக் பட்டை

சுருளாக வரும் வளையும் பட்டையை ரப்பரின் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே போவது. மூலைப் பிரச்சினையே இல்லை, அது தானாக வளையும். கண்ணாடி ஏற்றிய பிறகும் பல ரகங்களில் இதைப் போட முடியும் என்பது பெரிய வசதி.

ஆனால் மேலே இருப்பது மெல்லிய பளபளப்புப் படலம். வெயிலில் மங்கும், விளிம்பில் உரியும், இறுக்கமான மூலையில் சுருக்கம் விழும். பட்டை காலப்போக்கில் சுருங்குவதால் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் இடைவெளி விழும். போடும்போது இழுக்காமல் கொஞ்சம் கூடுதலாக விட்டு, முனையை அழுத்திச் சேர்ப்பது அதைத் தள்ளிப்போடும். உழைக்கும் வண்டிக்கு இது போதும். அழகாகச் சீர்செய்த வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி நான்கு: டிரிம்மே இல்லாமல்

இதைத் தோல்வியாக நினைக்கிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. சாதாரண ரகமாக வந்த வண்டிக்கு வெறும் கறுப்பு ரப்பர்தான் உண்மையான தோற்றம். கண்ணாடி ஏற்றுவது எளிது, உடையும் வாய்ப்பும் குறைவு. ஒன்றே ஒன்று: பின்னால் மனம் மாறினால் கண்ணாடியை இறக்கி ரப்பரை மாற்ற வேண்டும். கொஞ்சமாவது ஆசை இருந்தால் இப்போதே பள்ளம் உள்ள ரப்பரைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அது வேண்டாம். வெற்றுப் பள்ளம் அழுக்கைச் சேர்த்து வைக்கும், பார்க்கவும் அரைகுறையாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | ஒரிஜினல் | மறுதயாரிப்பு | பிளாஸ்டிக் பட்டை | டிரிம் இல்லாமல் |
|---|---|---|---|---|
| ரப்பர் | பள்ளம் உள்ளது | பள்ளம் உள்ளது, அதே இடத்தில் வாங்கியது | பட்டைக்கு ஏற்றது | பள்ளம் இல்லாதது |
| மூலை | நசுங்காவிட்டால் மிகச் சரி | சோதித்தே ஆக வேண்டும் | தானாக வளையும் | பிரச்சினை இல்லை |
| உழைப்பு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| ஆயுள் | வண்டியின் ஆயுள் | உலோகத் தரத்தைப் பொறுத்தது | சில வருடங்கள் | ரப்பரின் ஆயுள் |
| பயம் | துண்டு கிடைக்காமை | பொருந்தாமை | உரிதல், சுருங்குதல் | பின்னால் மனம் மாறுவது |

## மாட்டுவது: நீங்களா, கண்ணாடிக்காரரா?

எதை வாங்கினாலும் வரிசை முக்கியம். உலோக டிரிம் என்றால் கண்ணாடி வண்டிக்குப் போகும் முன்பே டிரிம் ரப்பருக்குள் போயிருக்க வேண்டும். கண்ணாடி உட்கார்ந்த பிறகு ரப்பர் இறுகிவிடும், உதடு திறக்காது. அப்போது பட்டையைத் திணிக்கப் போய் மூலையை மடித்தவர்கள் ஏராளம்.

நீங்களே செய்வதாக இருந்தால் மேஜையில் போர்வை விரித்துக் கண்ணாடியை வையுங்கள். ரப்பரை வெயிலில் போட்டு இளக வைத்து, கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். டிரிம் பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு, மெல்லிய கயிறு ஒன்றைப் பள்ளம் முழுக்கப் படுக்க வையுங்கள். மூலைகளிலிருந்து தொடங்கி டிரிம்மை மேலே அழுத்திக்கொண்டே கயிற்றை உருவினால், உதடு பட்டையின் மேல் ஏறிக்கொள்ளும். நேர்ப் பகுதி கடைசியில். இணைப்புக் கிளிப்பை மாட்டி, பட்டை நகராமல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, தகர விளிம்பைக் கவ்வும் பள்ளத்தில் 4 முதல் 6 மி.மீ. கனமுள்ள நைலான் கயிறு. இரண்டு முனைகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டி உள்பக்கம் தொங்க வேண்டும். இரண்டு பேர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க, உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். இழுக்கிறவர் எந்த இடத்தில் இருக்கிறாரோ, அழுத்துகிறவர் அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். குத்துவதோ சுத்தியலோ கூடாது. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. ஓரத்தில் ஒரு புள்ளியில் அழுத்தம் விழுந்தால் அங்கிருந்து விரிசல் ஓடிவிடும்.

கண்ணாடிக்காரரிடம் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் பசை போட்டு ஒட்டும் இன்றைய கண்ணாடிகளில் மட்டுமே பழகியவருக்கு இந்தக் கயிற்று வித்தை தெரியாமல் இருக்கலாம். டிரிம்மோடு சேர்த்து ஏற்றியிருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். என் யோசனை இரண்டையும் கலப்பது: டிரிம்மை ரப்பருக்குள் செருகும் வேலையை வீட்டில் நீங்களே நிதானமாக முடித்துவிட்டு, ஏற்றுவதற்கு மட்டும் அனுபவசாலியைக் கூப்பிடுங்கள்.

ஏற்றும் முன் தகர விளிம்பில் பழைய பசையும் துருவும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். பிறகு கசிவை அடைக்கும் சீலன்ட் போடும்போது புளிக்காடி வாசனை வரும் சிலிக்கானைத் தவிருங்கள். அதிலிருந்து வரும் அமிலம் தகரத்தை அரிக்கும். இறுகாத வகைச் சீலன்ட்தான் இதற்குச் சரி.

டேப்பை ஒரு நாள் முழுக்க விட்டுவையுங்கள். மறுநாள் ஒருவரைக் கேபினுக்குள் டார்ச்சோடு உட்காரவைத்து, ஹோஸ் தண்ணீரைக் கீழ் விளிம்பில் தொடங்கி மெதுவாக மேலே கொண்டுபோங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், கசிவது எங்கே என்று பிடிபடாது.